கையெழுத்து எழுத்துரு: எங்கே எடுபடும், எங்கே இடறும்?

பிரான்ஸ் நாட்டின் எந்தக் கடைத்தெருவில் நடந்தாலும் முடிதிருத்தகம், ரொட்டிக்கடை, காபிக்கடை என்று பல பலகைகளில் ஒரே கையெழுத்து தென்படும். எழுத்துகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு, சற்றே சாய்ந்து, யாரோ வேகமாக எழுதிவிட்டுப் போனதுபோல இருக்கும். இத்தனை கடைக்கும் ஒரே ஆள் போய் எழுதிக் கொடுக்கவில்லை. அதன் பெயர் மிஸ்ட்ரல். 1953 இல் ஈயத்தில் வார்க்கப்பட்டு விற்பனைக்கு வந்த அச்செழுத்து அது.

நம் ஊரில் இருப்பவர்களும் அதைப் பார்த்திருப்பார்கள். போட்டோ ஸ்டுடியோவின் ஆங்கிலப் பெயர், அழகு நிலையத்தின் விசிட்டிங் கார்டு, கல்யாண ஆல்பத்தின் அட்டை ஆகியவற்றில் அது அடிக்கடி வரும். மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் மென்பொருளோடு சேர்ந்து ஏராளமான கணினிகளுக்குள் அது நுழைந்துவிட்டதே காரணம். கோரல்டிரா பயன்படுத்துபவர்கள் ஸ்டக்காட்டோ 222 என்ற பெயரைப் பட்டியலில் கண்டிருந்தால், அதுவும் மிஸ்ட்ரலின் வடிவம்தான், பெயர் மட்டும் வேறு.

கையெழுத்தைப் போலத் தோன்றும் எழுத்துருக்களை இரண்டு பெரும் வகையாகப் பிரித்துப் புரிந்துகொள்ளலாம். ஒன்று மரியாதையான வகை. கல்யாணப் பத்திரிகையின் ஆங்கிலப் பக்கத்தில், மயிரிழைபோல் மெலிந்தும் திடீரென்று தடித்தும் வளைந்து வளைந்து போகுமே, அது. கூரிய இறகுப் பேனாவை அழுத்தியும் தளர்த்தியும் எழுதிய ஐரோப்பிய எழுத்தாசான்களின் வழி வந்தது. சார்ல்ஸ் ஸ்னெல் என்ற பழைய ஆங்கில எழுத்தாசானின் எழுத்தைப் பார்த்து, மேத்யூ கார்ட்டர் 1960களில் வரைந்த ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட் இதற்கு நல்ல சான்று. நாலு கோடு நோட்டில் ஆசிரியர் பழக்கிய எழுத்தும் இந்தக் குடும்பம்தான்.

இன்னொன்று இயல்பான வகை. பள்ளியை விட்டு வந்த பிறகு கை தன் போக்கில் எப்படி எழுதுகிறதோ அப்படி. மளிகைச் சீட்டு, பக்கத்து வீட்டுக்கு எழுதி வைத்த துண்டுக் காகிதம், கடிதத்தின் ஓரத்தில் பிறகு சேர்த்த ஒரு வரி இவற்றில் இருக்கும் எழுத்து இது. தடிமன் பெரிதாக மாறாது, வரிசை கொஞ்சம் ஆடும், முனைகள் சொரசொரப்பாக இருக்கும். இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் விளம்பரத் தொழில் இந்த வகையை விரும்பி எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் ராபர்ட் ஸ்மித் வரைந்த பிரஷ் ஸ்கிரிப்ட் 1942 இலும், பீட்டர் டாம்ப்ரெசியன் வரைந்த டாம் கேஷுவல் 1951 இலும் வந்தன. வாடிக்கையாளரிடம் அதிகாரமாகப் பேசாமல் தோழமையோடு பேசுவதுபோல் ஒரு குரல் வேண்டியிருந்தது. அந்தக் குரலை அச்சில் கொண்டுவர இந்த எழுத்துகள் உதவின.

இவற்றில் மிஸ்ட்ரலை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதன் உள்ளே இருக்கும் வேலைத்திறன் அப்படிப்பட்டது.

அதை உருவாக்கியவர் ரோஜர் எக்ஸ்கோஃபோன். 1910 இல் மார்சேய் நகரில் பிறந்தவர், அதே ஊரின் ஃபோண்டரி ஒலிவ் என்ற எழுத்து வார்ப்பகத்துக்காக வேலை செய்தவர். பாங்கோ, ஷோக், கலிப்ஸோ, ஆண்டிக் ஒலிவ் ஆகியவையும் அவருடையவையே. 1968 கிரெனோபிள் குளிர்கால ஒலிம்பிக்கின் சின்னத்தை வடிவமைத்தவரும் அவர்தான். ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகத் தெற்கே வீசும் குளிர்காற்றின் பெயரைத் தன் எழுத்துக்கு வைத்தார். எழுத்தின் வடிவத்துக்கு மாதிரியாக அவர் எடுத்துக்கொண்டது தன்னுடைய சொந்தக் கையெழுத்தை.

கையெழுத்தை ஈயத்தில் கொண்டுவருவதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். ஈய அச்சில் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனிக் கட்டை. அச்சுக்கோப்பவர் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவார். ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்துக்குப் பிறகு எது வரும் என்று அந்தக் கட்டைக்குத் தெரியாது. ‘பி’ வரலாம், ‘என்’ வரலாம், ‘டபிள்யூ’ வரலாம். ஆனால் கையால் எழுதும்போது நம் கைக்கு அடுத்த எழுத்து முன்கூட்டியே தெரியும். அதற்கேற்ப இணைப்புக் கோட்டை மேலேயோ கீழேயோ இழுக்கும். ஒரே எழுத்தை நூறு முறை எழுதினால் நூறும் கொஞ்சம் கொஞ்சம் வேறுபடும். கட்டையில் இருப்பதோ ஒரே வடிவம்.

இதற்கு ஒரு வழி உண்டு. எல்லா எழுத்தின் தொடக்கமும் முடிவும் ஒரே உயரத்தில் இருக்கும்படி வரைந்துவிட்டால், எதற்குப் பின் எது வந்தாலும் கோடு தொடரும். ஆனால் அப்படிச் செய்தால் எழுத்து இயந்திரத்தனமாகிவிடும், ஒரே அளவுச் சங்கிலிக் கண்ணிகள் வரிசையாக நிற்பதுபோல் ஆகிவிடும். எக்ஸ்கோஃபோன் இணைப்பு விழும் இடத்தை ஒரு கோட்டில் கட்டுப்பாட்டோடு வைத்துக்கொண்டார். அந்த இடத்தைவிட்டு மேலும் கீழும் எழுத்துகளைச் சுதந்திரமாக விட்டார். சில எழுத்துகளின் வால் கோட்டுக்குக் கீழே நீளமாக இறங்கும், சில எழுத்துகளின் தலை எதிர்பாராத உயரத்துக்குப் போகும். கோட்டின் ஓரம் மழமழவென்று இல்லாமல், காகிதத்தில் மை பிடித்தும் பிடிக்காமலும் ஓடியதுபோல் கரடாக இருக்கும். படிப்பவரின் கண் அந்த ஏற்ற இறக்கத்தையும் கரட்டையும் கவனிப்பதால், இணைப்பு எல்லாம் ஒரே மட்டத்தில் விழுவதைக் கவனிப்பதில்லை. கட்டைகளை அடுக்கி இப்படி ஒரு ஓட்டத்தைக் கொண்டுவந்ததை அச்சுக்கலையின் பெரிய சாதனைகளில் ஒன்றாகவே நான் நினைக்கிறேன்.

ஈயம் போய் ஃபிலிம் வந்தது, ஃபிலிம் போய்க் கணினி வந்தது. மிஸ்ட்ரல் எல்லாவற்றையும் கடந்து வந்தது. 2011 இல் வெளியான ‘டிரைவ்’ என்ற ஹாலிவுட் படத்தின் பெயர் அட்டைகளில் அது பளீரென்ற இளஞ்சிவப்பு நிறத்தில் வந்தபோது, அறுபது வயதை நெருங்கும் எழுத்து என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

கணினி வந்த பிறகு, கட்டைக்கு இருந்த அந்தப் பழைய இயலாமை நீங்கியது. டச்சு வடிவமைப்பாளர்கள் ஜஸ்ட் வான் ரோஸமும் எரிக் வான் பிளாக்லேண்டும் 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதில் துணிந்து இறங்கினார்கள். ஒவ்வொரு முறை அச்சாகும்போதும் எழுத்தின் ஓரம் தானாக மாறும் பியோவுல்ஃப் என்ற எழுத்துருவைச் செய்தார்கள். தங்கள் இருவருடைய கையெழுத்தையும் எழுத்துருவாக்கி விற்பனைக்கு விட்டார்கள். அதன்பின் ஓப்பன்டைப் என்ற எழுத்துரு அமைப்பு வந்தது. அதில் ஒரே எழுத்துக்குப் பல வடிவங்களை வைக்கலாம். ‘இந்த எழுத்துக்குப் பக்கத்தில் இது வந்தால் இரண்டாவது வடிவத்தைப் போடு’ என்ற கட்டளையையும் எழுத்துருவுக்குள்ளேயே எழுதி வைக்கலாம். ‘ஹலோ’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் அதிலுள்ள இரண்டு ‘எல்’களும் சற்று வேறுபட்டு விழும். உண்மையான கையெழுத்தில் நடப்பதும் அதுதான்.

இங்கே ஒரு நடைமுறைக் குறிப்பு. இந்த வசதி எழுத்துருவில் இருந்தாலும் எல்லா மென்பொருளிலும் தானாக வேலை செய்யாது. மைக்ரோசாஃப்ட் வேர்டில் எழுத்துரு அமைப்புப் பெட்டியின் மேம்பட்ட பகுதிக்குப் போய், சூழலுக்கேற்ற மாற்று வடிவங்களுக்கான கட்டத்தில் நாமே டிக் செய்ய வேண்டும். பணம் கொடுத்து நல்ல எழுத்துரு வாங்கிவிட்டு, இந்த ஒரு டிக் இல்லாததால் அதன் பாதி அழகை இழப்பவர்கள் உண்டு.

இனி, எங்கே பயன்படுத்துவது? எனக்குத் தெரிந்த எளிய சோதனை இது: அந்த இடத்தில் ஒரு மனிதர் உண்மையிலேயே பேனா எடுத்து எழுதியிருப்பாரா? ஊறுகாய்ப் பாட்டிலின் மேல் ‘வீட்டுப் பக்குவம்’ என்று ஒருவர் எழுதி ஒட்டியிருப்பார். உணவகத்தின் கரும்பலகையில் ‘இன்றைய சிறப்பு’ என்று சாக்பீஸால் எழுதியிருப்பார். புத்தகத்தை அன்பளிப்பாகக் கொடுக்கும்போது முதல் பக்கத்தில் இரண்டு வரி எழுதியிருப்பார். நாவலின் அட்டை, பிறந்தநாள் வாழ்த்து, குழந்தைகள் பத்திரிகையின் ஓரக்குறிப்பு, சிறு கடையின் பெயர், படத்தின் தலைப்பு இவையெல்லாம் இந்த எழுத்துக்கு உரிய இடங்கள். எல்லாமே சுருக்கமானவை, பெரிய அளவில் வருபவை. ஒரு சொல்லோ, ஒரு வரியோ, அதிகம் போனால் மூன்று வரியோதான் இருக்கும்.

அதே பாட்டிலின் பின்பக்கம் திரும்பினால் கதை வேறு. சேர்மானம், எடை, காலாவதித் தேதி, தயாரித்தவர் முகவரி இவற்றை அதே கையெழுத்து எழுத்துருவில் போடுவது வாங்குபவருக்குச் செய்யும் துரோகம். ஒவ்வாமை உள்ள பிள்ளைக்காக ஒரு தாய் அந்தச் சின்ன எழுத்தை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிக்கிறாள். அங்கே ஒரு எழுத்துகூட இன்னொன்றாகத் தெரியக்கூடாது. மருந்துச் சீட்டு, வங்கி அறிவிப்பு, தேர்வுக் கால அட்டவணை, பேருந்தின் வழித்தடப் பலகை ஆகியவற்றுக்கும் இதுவே விதி. விசிட்டிங் கார்டில்கூடக் கடைப் பெயரை மிஸ்ட்ரலில் போடலாம். தொலைபேசி எண்ணைச் சாதா எழுத்தில்தான் போட வேண்டும்.

சில தொழில் விவரங்களையும் தெரிந்துகொண்டால் நல்லது. இணைந்து வரும் எழுத்துருவில் எழுத்துகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டவே கூடாது. கூட்டினால் இணைப்புக் கோடுகள் அறுந்து, ஒவ்வொரு எழுத்தின் பக்கத்திலும் ஒரு வெட்டுண்ட வால் தொங்கும். நம் ஊர் ஃபிளெக்ஸ் பேனர்களில் இந்தக் கோரத்தை அடிக்கடி பார்க்கலாம். இடத்தை நிரப்ப வேண்டும் என்றால் எழுத்தின் அளவைக் கூட்டுங்கள். ஆங்கிலப் பெயர் முழுவதையும் பெரிய எழுத்துகளில் போடுவதும் அப்படித்தான். மிஸ்ட்ரலின் பெரிய எழுத்துகள் ஒரு சொல்லின் முதலில் மட்டும் வருவதற்காக வரையப்பட்டவை. அவற்றை வரிசையாக நிறுத்தினால் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும், படிக்கவும் முடியாது. இந்த வகையில் சிறிய எழுத்துகளின் உடல் பகுதி குள்ளமாக இருக்கும் என்பதால், பக்கத்தில் இருக்கும் சாதா எழுத்தைவிட நன்றாகப் பெரிதாக்கினால்தான் இரண்டும் சமமாகத் தெரியும். ஒரு பக்கத்தில் ஒரு கையெழுத்து எழுத்துரு போதும். இரண்டு போட்டால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவதுபோல் ஆகிவிடும்.

பொருத்தம் என்று வரும்போது காமிக் சான்ஸ் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. வின்சென்ட் கன்னேர் 1994 இல் மைக்ரோசாஃப்டில், கார்ட்டூன் பேச்சுக் குமிழிகளுக்காக வரைந்த எழுத்து அது. இணைந்து வராத, உருண்டையான கையெழுத்து. கணினிகளோடு இலவசமாகப் போனதால் கல்லறை அறிவிப்பு முதல் அலுவலகச் சுற்றறிக்கை வரை பரவி, உலகம் முழுவதும் கேலிக்கு ஆளானது. 2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் போசான் என்ற அணுத்துகள் கண்டறியப்பட்ட செய்தியை செர்ன் ஆய்வகத்தில் ஃபாபியோலா ஜியானோட்டி அறிவித்தபோது, அவருடைய படவில்லைகள் காமிக் சான்ஸில் இருந்தன. அறிவியலைவிட எழுத்துருவைப் பற்றிப் பேசியவர்கள்கூட இருந்தார்கள். எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடு இல்லை. டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புச் சிரமம் உள்ளவர்களுக்கு ஏற்ற எழுத்துகளில் ஒன்றாக அதை பிரிட்டிஷ் டிஸ்லெக்ஸியா சங்கம் சொல்கிறது. சிறு வகுப்புப் பிள்ளைகளின் பயிற்சித்தாளில் அது நன்றாகவே பொருந்துகிறது. எழுத்தின் மேல் குற்றம் இல்லை. கேலி செய்ய வேண்டுமானால், துக்கச் செய்தியை அதில் அச்சிட்ட முடிவைத்தான் செய்ய வேண்டும்.

தமிழுக்கு வருவோம். இங்கேதான் விஷயம் உண்மையில் வேறாகிறது.

ஆங்கிலக் கையெழுத்து எழுத்துருவின் பெரும் பிரச்சினை இணைப்பு. தமிழ் எழுத்துகள் இணைவதில்லை. எவ்வளவு வேகமாக எழுதினாலும் ஒரு எழுத்தை முடித்துக் கையை எடுத்துத்தான் அடுத்ததற்குப் போகிறோம். அப்படியானால் தமிழில் ‘இது கையால் எழுதியது’ என்ற உணர்வு எங்கிருந்து வருகிறது? உங்கள் வீட்டுப் பெரியவர் எழுதிய கடிதம் ஒன்று இருந்தால் எடுத்துப் பாருங்கள். எழுத்து சாய்ந்திருக்கும். துணைக்கால் அச்சில் இருப்பதைவிட நீண்டு கோட்டுக்குக் கீழே இறங்கும். கொம்பு அவசரத்தில் ஒரு சிறு சுருளாகச் சுருங்கியிருக்கும். புள்ளி சிலர் கையில் சின்ன வட்டம், சிலர் கையில் வெறும் பொட்டு, இன்னும் சிலர் கையில் ஒரு சாய்ந்த கீற்று. மெய்யெழுத்தின் தலைக்கு நேர் மேலே உட்காராமல் அடுத்த எழுத்தின் பக்கம் நகர்ந்திருக்கும். மேல்விலங்கு எழுத்தின் உடலிலிருந்து கை எடுக்காமலே தொடரும். வயது எழுபதைத் தாண்டியவர் என்றால் லை, ளை, னை ஆகியவற்றில் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய துதிக்கை வடிவமும் இருக்கலாம். தமிழின் கையெழுத்துத் தன்மை இந்த இடங்களில்தான் குடியிருக்கிறது. ஆங்கில எழுத்துருவைப் பார்த்து, தமிழ் எழுத்துகளுக்கும் இணைப்புக் கோடு போட முயல்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

அடுத்து, வேலையின் அளவு. ஆங்கிலத்துக்குச் சிறியதும் பெரியதுமாக 52 எழுத்துகள், எண்கள், குறிகள். தமிழில் உகரமும் ஊகாரமும் ஏறும்போது மெய்க்கு மெய் வடிவம் மாறுகிறது. கு, சு, டு, மு, று என்று எழுதிப் பாருங்கள், கீழ்விலங்கு ஒவ்வொன்றிலும் வேறு பக்கம் வளையும். 18 மெய்களுக்கும் இந்த இரண்டு வரிசைக்கு மட்டும் 36 வடிவங்கள் தனியாக வரைய வேண்டும். கிரந்த எழுத்துகள் இதற்கு மேல்.

இதைவிட முக்கியமான ஒன்று இரட்டிப்பு. கையெழுத்துப் போன்ற தமிழ் எழுத்துருவில் ‘அம்மா’ என்று தட்டிப் பாருங்கள். முதல் ‘ம்’மும் இரண்டாவது ‘மா’வும் பக்கத்தில் பக்கத்தில், அச்சு அசலாக ஒரே வடிவம். கையால் எழுதுபவர் முதல் மகரத்தை முடித்து, மேலே போய்ப் புள்ளி வைத்துவிட்டுத் திரும்பி வருவார். இரண்டாவது மகரம் கொஞ்சம் அகலும், அல்லது கொஞ்சம் தாழும். எழுத்துருவில் அது நடக்காததால், கண் அந்த நொடியிலேயே ‘இது கணினி எழுதியது’ என்று சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் ஒரே எழுத்து அடுத்தடுத்து வருவது எப்போதாவது. தமிழில் அப்பா, அக்கா, அண்ணன், தாத்தா, பாட்டி, அத்தை, சித்தி என்று உறவுப் பெயர்களிலேயே வரிசையாக வருகிறது. வாழ்த்து மடலில் முதலில் எழுதப்படும் சொற்களும் அவைதான்.

படிக்கும் தெளிவிலும் தமிழுக்குத் தனிக் கவலை ஒன்று உண்டு. ‘கெட்டது’, ‘கேட்டது’ இரண்டுக்கும் வித்தியாசம் கொம்பின் மேலே உள்ள ஒரு சிறு சுழி. ‘கொடு’, ‘கோடு’ இரண்டுக்கும் அதுவேதான். அவசர எழுத்தின் அழகுக்காக அந்தச் சுழியை அமுக்கிவிட்டால் பொருளே மாறிவிடும். எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தச் சொற்களை முதலில் தட்டிப் பார்த்துவிடுங்கள்.

இன்று தமிழில் யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கையெழுத்து எழுத்துரு என்றால் கவிவனார் முதலில் நினைவுக்கு வரும். இலங்கையைச் சேர்ந்த எழுத்துரு வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸ் உருவாக்கியது, கூகுள் ஃபாண்ட்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சாய்ந்த தமிழ் எழுத்து, அதோடு பொருந்தும் ஆங்கில எழுத்தும் உண்டு. யூனிகோடு எழுத்துரு என்பதால் கைபேசியிலும் வலைப்பக்கத்திலும் சிக்கலின்றி வரும். கையெழுத்தாக இல்லாவிட்டாலும் அதன் தோழமை வேண்டும் என்றால், மும்பையின் ஏக் டைப் குழு வரைந்த பலூ தம்பி இருக்கிறது. இரண்டையும் கடைப் பலகைக்கும் பொட்டலத்துக்கும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். இணையத்தில் ‘இலவசம்’ என்று கிடைக்கும் வேறு பல எழுத்துருக்களுக்குச் சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்ற நிபந்தனை இருக்கும். வியாபாரத்துக்கு எடுப்பதற்கு முன் அந்த உரிமக் கோப்பைத் திறந்து படிக்க வேண்டும்.

அச்சகங்களில் புழங்கும் பழைய எழுத்துருக்களிலும் கையெழுத்துச் சாயல் உள்ளவை உண்டு. ஆனால் பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய முறைகளில் தட்டியதை யூனிகோடு எழுத்துருவுக்கு மாற்றினால் வரி முழுவதும் குழம்பிப்போகும். முதலில் எழுத்து மாற்றியில் கொடுத்து யூனிகோடாக மாற்றி, பிழை திருத்தி, அதன்பிறகே எழுத்துருவை மாற்ற வேண்டும்.

தமிழில் இந்தக் கலைக்கு வேர் இல்லாமல் இல்லை. வார இதழ்களில் தொடர்கதைத் தலைப்புகளை ஓவியர்கள் கையாலேயே எழுதினார்கள். திகில் கதை என்றால் எழுத்து நடுங்கும், குடும்பக் கதை என்றால் குழையும். சினிமா போஸ்டரிலும் சுவர் விளம்பரத்திலும் தூரிகை பிடித்தவர்கள், ஒரே சொல்லை இரண்டு சுவரில் இரண்டு விதமாக எழுதினார்கள். ஃபிளெக்ஸ் வந்த பிறகு அந்தத் தொழில் பெருமளவு சுருங்கிவிட்டது. அவர்கள் எழுதிய வடிவங்கள் பழைய இதழ்களிலும் உதிர்ந்த சுவர்களிலும் இன்னும் கிடக்கின்றன. எழுத்துரு வரையும் இளைஞர்களுக்கு இதைவிடப் பெரிய புதையல் இல்லை.

அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தமிழ்க் கையெழுத்து எழுத்துருவை வரையும்போது க, ச, ட, த, ப, ம, ண, ல, ன ஆகிய மெய்களுக்காவது இரண்டிரண்டு வடிவம் வரையுங்கள். பழைய துதிக்கை எழுத்துகளையும் விரும்புபவர் தேர்ந்தெடுக்கும்படி உள்ளே வையுங்கள். சோதித்துப் பார்க்க நீளமான பத்தி எதுவும் தேவையில்லை. அம்மா, அப்பா, அக்கா, தாத்தா, கெட்டது, கேட்டது என்று தட்டிப் பார்த்தாலே போதும்.